டைம்ஷேர் உறுப்பினர் சலுகைகள்: கூடுதல் பணத்துக்கு ஈடாகுமா?

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கடையின் வாசலில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிப் பெட்டியில் போட்ட சீட்டு, சில நாட்கள் கழித்து ஓர் அழைப்பாகத் திரும்பி வருகிறது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரவேண்டும், சிறிது நேரம் ஒதுக்கினால் போதும், பரிசு ஒன்றும் காத்திருக்கிறது என்கிறார்கள். போனால், ஆண்டுக்கு 7 இரவுகள் வீதம் 25 ஆண்டுகளுக்கு மலைவாசத் தலங்களிலும் கடற்கரைகளிலும் உள்ள ரிசார்ட்டுகளில் தங்கிக்கொள்ளலாம் என்ற உறுப்பினர் திட்டத்தை விரிவாக விளக்குகிறார்கள். விலையைப் பற்றிய பேச்சு வரும்போது இரண்டு தொகைகள் மேசைக்கு வருகின்றன. ஒன்று அடிப்படைத் திட்டத்தின் விலை. மற்றொன்று, அதற்கு மேல் ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ சேர்த்துக் கட்டினால் கிடைக்கும் மேல்நிலைத் திட்டத்தின் விலை. அந்தக் கூடுதல் தொகைக்குப் பதிலாகக் கிடைக்கும் சலுகைகள் அதற்கு ஈடானவையா என்பதை எப்படிக் கணக்கிடுவது என்று, இதை முதன்முறையாகக் கேள்விப்படுபவருக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் டைம்ஷேர் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு விடுதியின் அறையை ஒரே குடும்பம் ஆண்டு முழுவதும் பயன்படுத்துவதில்லை. ஆகவே ஆண்டின் வாரங்களைப் பல குடும்பங்களுக்குப் பிரித்து விற்று, ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய வாரத்தில் வந்து தங்கிச் செல்லும்படி செய்த ஏற்பாடே டைம்ஷேர். 1960களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் உருவான இந்த முறை, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பெரும் வணிகமாக வளர்ந்தது. 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, ஓர் ஊரில் வாங்கிய வாரத்தைக் கொடுத்துவிட்டு வேறோர் ஊரில் தங்கவும் வழி பிறந்தது. நம் நாட்டில் 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங், 1996இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா ஹாலிடேஸின் கிளப் மஹிந்திரா ஆகியவை பரவலாக அறியப்பட்ட பெயர்கள்.

வரலாற்றைவிட முக்கியமானது, வாங்குபவரின் கைக்கு உண்மையில் வருவது என்ன என்பதுதான். இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான திட்டங்களில் நிலமோ கட்டடமோ வாங்குபவரின் பெயருக்கு மாறுவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே கிடைக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்தாருக்கு இதைப் புரியவைக்க மாந்தோப்புக் குத்தகையே போதும். காய்ப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிக்கு மரத்திலுள்ள காய் சொந்தம். மரமும் மண்ணும் தோட்டக்காரருடையவை. பருவம் முடிந்ததும் வியாபாரி வெளியேறிவிடுகிறார். டைம்ஷேர் உறுப்பினரும் ஏறக்குறைய அப்படித்தான், குத்தகைக் காலம் 25 ஆண்டு என்பது ஒன்றே வேறுபாடு. ‘சொத்து வாங்குகிறீர்கள்’ என்று யாராவது சொன்னால், பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவாகுமா என்று கேட்டுவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே தெளிவடைந்துவிடும்.

இந்தக் குத்தகை உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டினால், கட்டுரையின் மையமான வேறுபாடும் விளங்கிவிடும். குத்தகைக்காரர் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்கிறார், பழம் அடுக்கி வைக்கக் கொட்டகையைப் பயன்படுத்துகிறார். குத்தகைச் சீட்டில் எழுதியிருந்தால் இவை அவருடைய உரிமை. எழுதாமல், தோட்டக்காரரின் நல்லெண்ணத்தால் நடந்துவந்தால் இவை சலுகை. தோட்டக்காரர் மனம் மாறினால், அல்லது தோட்டம் கைமாறினால், சலுகை நின்றுவிடும். குத்தகைப் பணம் மட்டும் குறையாது. டைம்ஷேர் மேல்நிலைத் திட்டத்திலும் உரிமையும் சலுகையும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தளவில் அச்சாகியிருக்கின்றன. ஆனால் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களைப் படித்தால், சில அம்சங்கள் 25 ஆண்டுகளுக்கும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவையாகவும், வேறு சில அம்சங்கள் நிறுவனம் முன்னறிவிப்புடனோ முன்னறிவிப்பின்றியோ மாற்றவும் நிறுத்தவும் கூடியவையாகவும் இருப்பது தெரியவரும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ‘இத்தனை சலுகைகள் கிடைக்கின்றன’ என்று எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதுதான், நான் கண்டவரை, மிகப் பெரிய பிழை.

இது வெறும் அச்சமல்ல என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. டிஸ்னி நிறுவனம் 1991இல் அமெரிக்காவில் தொடங்கிய டிஸ்னி வெகேஷன் கிளப்பில், அறையில் தங்கும் உரிமை ஒப்பந்தத்தோடு சேர்ந்தது. பொழுதுபோக்குப் பூங்கா நுழைவுச்சீட்டில் தள்ளுபடி, உணவகத் தள்ளுபடி போன்றவையோ ‘கூடுதல் சலுகைகள்’ என்ற தனி வகையில் அடங்கும். ஓர் உறுப்பினரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்குபவருக்கு இந்தக் கூடுதல் சலுகைகள் கிடையாது என்று 2016 ஏப்ரலில் அந்த நிறுவனம் விதியை மாற்றியது. அன்றுமுதல், நேரடியாக நிறுவனத்திடம் அதிக விலைக்கு வாங்குவதா, மறுவிற்பனையில் மலிவாக வாங்கிச் சலுகைகளை இழப்பதா என்பது அங்குள்ள வாங்குவோர் ஒவ்வொருவரும் போடவேண்டிய கணக்காகிவிட்டது. நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது: அறையில் தங்குவது உரிமையாக நிலைத்தது; தள்ளுபடிகள் நிறுவனம் வைத்தபடி மாறின.

இனி மேல்நிலைத் திட்டங்களில் வழக்கமாகக் காட்டப்படும் அம்சங்களை ஒவ்வொன்றாக எடைபோடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. என் மதிப்பில், கூடுதல் பணத்துக்கு உண்மையான பயன் தரக்கூடியவை மூன்றுதான்: சீசன், அறையின் அளவு, முன்பதிவுக் காலம்.

சீசன் என்பது ஆண்டின் எந்தப் பகுதியில் நீங்கள் தங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. கிளப் மஹிந்திராவில் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறங்களால் சீசன்களைப் பிரிக்கிறார்கள்; ஊதா மிக நெரிசலான காலத்துக்கும், நீலம் கூட்டம் குறைந்த காலத்துக்கும் உரியவை. மேல்நிறத்துக்குப் போகப்போக விலை ஏறுகிறது. இங்கேதான் நம் மாவட்டக் குடும்பங்கள் விற்பனையாளரின் பேச்சை விட்டுவிட்டுத் தங்கள் வீட்டு நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். தருமபுரியில் கணவன் மனைவி இருவரும் பள்ளி ஆசிரியர்கள் என்றால், அவர்கள் நீண்ட விடுமுறையில் வெளியூர் போகக்கூடிய காலம் பெரும்பாலும் மே மாதம்தான். அந்த மாதத்தில்தான் ஊட்டியும் கொடைக்கானலும் நிரம்பி வழிகின்றன. கீழ்நிலைச் சீசனை மலிவாக வாங்கினால் அவர்களுக்கு விடுமுறையும் அறையும் ஒன்றாகக் கிடைக்காது. மேல்நிலைச் சீசனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு அங்கே பொருள் உண்டு.

அதே மே மாதம் காவேரிப்பட்டணத்திலோ பர்கூரிலோ மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள். மே தொடங்கி ஜூலை வரை பறிப்பும் ஏற்றுமதியும் மாங்கூழ் ஆலைக்கு வண்டி அனுப்புவதுமாக நாட்கள் நகரும்; அந்த நேரத்தில் தோட்டத்தை விட்டு ஒரு வாரம் போவது நடக்காத காரியம். அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு, அதாவது மலைத்தலங்களில் கூட்டம் குறையும் காலத்தில். அவர்கள் ஊதாச் சீசனுக்குப் பணம் கட்டினால், தங்களால் ஒருபோதும் பயன்படுத்த முடியாத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார்கள். ஓசூர்ப் பக்கம் ரோஜா பயிரிடுவோருக்குப் பிப்ரவரி காதலர் தினத்தை ஒட்டிய வாரங்கள் அப்படி. பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளிலோ, முட்டை பொரித்ததிலிருந்து கூடு கட்டும் வரை ஏறக்குறைய நான்கு வாரங்கள், வேளை தவறாமல் மல்பெரி இலை போட வேண்டியிருப்பதால், வீட்டில் ஒருவராவது நகர முடியாது. சீசன் என்ற சலுகையின் மதிப்பு, கையேட்டில் அச்சிட்ட நிறத்தில் இல்லை. உங்கள் தொழில் உங்களை எப்போது விடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

அறையின் அளவைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் நேரடியானது. ஒற்றை அறையைக் கொண்ட ஸ்டுடியோவில் பெற்றோரும் ஒரு சிறு குழந்தையும் வசதியாக இருக்கலாம். தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லும் வழக்கமுள்ள வீட்டில், ஒரு படுக்கையறையும் தனிக்கூடமும் சிறு சமையலறையும் உள்ள பெரிய அறைவகை உண்மையிலேயே இன்னோர் அறை வாடகையை மிச்சப்படுத்தும். ஆனால் உறுப்பினர் காலம் 25 ஆண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. இன்று 8 வயதான பிள்ளைக்கு ஒப்பந்தம் முடியும்போது 33 வயதாகியிருக்கும். இன்று 60ஐக் கடந்த பெற்றோர் இன்னும் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மலைப்பாதையில் நெடுந்தூரம் வருவார்களா என்பதை மனம் வலித்தாலும் எண்ணிப்பார்க்கத்தான் வேண்டும். இன்றைய குடும்பத்தின் அளவுக்கு வாங்கிய அறை, ஒப்பந்தத்தின் நடுப்பகுதியிலேயே பெரிதாகிப் போய்விடலாம்.

மூன்றாவது, முன்பதிவுக் காலம். மேல்நிலை உறுப்பினர்களுக்கு மற்றவர்களைவிடச் சில வாரங்களோ மாதங்களோ முன்னதாகவே முன்பதிவு திறக்கும் திட்டங்கள் உண்டு. பள்ளி விடுமுறையை நம்பியிருப்பவர்களுக்கு இது பயனுள்ளது. ஆனால் நெடுநாள் முன்னதாகவே தேதியை முடிவு செய்ய முடிந்தால்தான் இந்த முன்னுரிமைக்கு மதிப்பு. ஓசூர்த் தொழிற்சாலைகளில் சுழற்சி முறைப் பணியில் இருப்பவருக்கு விடுப்பு எப்போது உறுதியாகும் என்பதை அவரே அறிவார்; இரண்டு வாரத்துக்கு முன்புதான் உறுதியாகும் என்றால், ஆறு மாதத்துக்கு முன்பே திறக்கும் சாளரம் அவருக்கு எதையும் தராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னதாகப் பதிவு செய்யும் உரிமை என்பது அறை கிடைக்கும் என்ற உறுதி அல்ல. மேல்நிலை உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடக்கூட, அந்த முன்வரிசையே நீண்டுவிடுகிறது.

மற்றவை பெரும்பாலும் நான் சலுகை என்று பிரித்துவைத்த வகையைச் சேர்ந்தவை. உணவகத்தில் 20 சதவீதத் தள்ளுபடி என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத் தங்கலில் ரிசார்ட் உணவகத்தில் 15,000 ரூபாய் செலவிட்டால் 3,000 ரூபாய் குறையும். ஆனால் அந்தக் குடும்பம் வழக்கமாக வெளியே ஒரு மெஸ்ஸில் 7,000 ரூபாயில் அந்த வாரத்தைக் கழித்திருக்குமானால், அவர்கள் 3,000 மிச்சப்படுத்தவில்லை. 5,000 கூடுதலாகச் செலவிட்டிருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து இலவசக் கார் என்பதும் அப்படித்தான். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் சொந்தக் காரிலோ பேருந்திலோ போகும் கிருஷ்ணகிரிக் குடும்பத்துக்கு, ரயில் நிலையம்கூட இல்லாத அந்த நகரிலிருந்து பெங்களூரு விமான நிலையமே நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றிருக்கும்போது, வேறோர் ஊரின் விமான நிலையத்தில் காத்திருக்கும் கார் எத்தனை முறை பயன்படும்? மசாஜ் நிலையத் தள்ளுபடிச் சீட்டு, பிறந்தநாள் பரிசுக் கூடை போன்றவற்றை நான் மதிப்பில் சேர்ப்பதே இல்லை.

பரிமாற்றச் சலுகை மட்டும் சற்று விரிவான விளக்கத்துக்கு உரியது, ஏனெனில் விற்பனைக் கூட்டங்களில் மிக ஒளியூட்டிக் காட்டப்படுவது அதுதான். உலகெங்கும் ஆயிரக்கணக்கான ரிசார்ட்டுகளில் தங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு உங்கள் வாரத்தை முதலில் பரிமாற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. சில வெளிநாட்டு ரிசார்ட்டுகளில் உணவு உட்பட எல்லாம் சேர்த்த கட்டாயக் கட்டணமும் அங்கே வாங்கப்படும். நீங்கள் ஒப்படைக்கும் வாரம் எந்தச் சீசனுடையது, எத்தகைய அறை என்பதைப் பொறுத்தே மாற்றாகக் கிடைப்பதும் அமையும். விமானப் பயணச்சீட்டும் விசாவும் உங்கள் செலவு. ஆக, வெளிநாட்டுப் பயணத்தில் தங்குமிடம் ஒரு பகுதி மட்டுமே என்பதால், அந்தப் பகுதியை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைப்பதால் பயணம் மலிவாகிவிடாது. முதல் ஆண்டு மட்டும் பரிமாற்ற உறுப்பினர் கட்டணம் இலவசம் என்று சொன்னால், இரண்டாம் ஆண்டிலிருந்து எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எண்களுக்கு வருவோம். பின்வரும் தொகைகள் எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் அல்ல. கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. அடிப்படைத் திட்டம் 4,00,000 ரூபாய், மேல்நிலைத் திட்டம் 5,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 1,50,000. அதன்மேல் 18 சதவீதச் சரக்கு சேவை வரி 27,000 ரூபாய். ஆகக் கூடுதல் செலவு 1,77,000 ரூபாய். பலர் இதை 25 ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு 7,080 ரூபாய்தானே என்று ஆறுதல் அடைகிறார்கள். விற்பனையாளரும் இப்படித்தான் வகுத்துக் காட்டுவார். இது தவறான கணக்கு, ஏனெனில் பணம் முழுவதும் இன்றே கையை விட்டுப் போகிறது. பயனோ 25 ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருகிறது.

சரியான ஒப்பீடு இது. அதே 1,77,000 ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டி தரும் வைப்பு நிதியில் போட்டு, அசலும் வட்டியும் சேர்ந்து 25ஆம் ஆண்டின் இறுதியில் தீர்ந்துபோகும்படி ஆண்டுதோறும் ஒரே அளவு தொகையை எடுத்துக்கொண்டே வந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 15,200 ரூபாய் எடுக்கலாம். அந்த 15,200தான் மேல்நிலைத் திட்டத்தின் உண்மையான ஆண்டுச் செலவு. உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தனியே கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணமும் மேல்நிலை அறைக்கு அதிகம். அந்த வேறுபாடு வரியுடன் 4,700 ரூபாய் என்று கொண்டால், மொத்தம் 19,900, அதாவது கிட்டத்தட்ட 20,000 ரூபாய். மாதத் தவணையில் வாங்கினால் தவணை வட்டியும் இதில் சேரும்.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: அடிப்படைத் திட்டத்தில் கிடைக்காத எது, ஆண்டுதோறும் 20,000 ரூபாய் அளவுக்கு எனக்குப் பயன்தரும்? முன்பு சொன்ன ஆசிரியர் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். மே மாதத்தில் தாங்கள் விரும்பும் தரமுள்ள ஒரு விடுதியில் பெரிய அறைக்கு ஓர் இரவுக்கு 7,000 ரூபாயும், கூட்டம் குறைந்த மாதத்தில் 4,000 ரூபாயும் வாடகை என்று வைத்துக்கொண்டால், 7 இரவுக்கு வேறுபாடு 21,000 ரூபாய். ஒவ்வோர் ஆண்டும், ஓர் ஆண்டுகூடத் தவறாமல், 7 இரவையும் மே மாதத்தில் பயன்படுத்தினால் கூடுதல் செலவு ஏறக்குறைய ஈடுகட்டப்படுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போனால் பாதிதான். மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, வீட்டில் ஒரு திருமணம், ஒரு மருத்துவச் செலவு என்று 25 ஆண்டுகளில் எத்தனை கோடை விடுமுறைகள் வேறு வேலைக்குப் போய்விடும் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் கடந்த பத்தாண்டைத் திரும்பிப் பார்த்தாலே அறியலாம். கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை முறை ஒரு வாரம் முழுதாக வெளியூரில் தங்கினோம் என்ற எண்ணைவிட நம்பகமான முன்கணிப்பு வேறில்லை.

பயன்படுத்தாத இரவுகளை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் வசதி இந்தக் குறையை ஓரளவு தணிக்கும். அது எத்தனை ஆண்டு வரை செல்லும், கொண்டுசென்ற இரவுகளை மே மாதத்திலும் பயன்படுத்தலாமா, அந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் நிலுவையில் இருந்தால் அவை காலாவதியாகுமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் அறை பதிவு செய்ய முடியாது என்பது ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் உள்ள விதி. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்டணம் விழுந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கட்டணத்தின் வளர்ச்சி குறித்துத் தனியே சொல்லாமல் விட முடியாது. முதல் ஆண்டில் 20,000 ரூபாயாக உள்ள பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், 25ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 81,000 ரூபாயாக இருக்கும். 25 ஆண்டுகளில் கட்டிய மொத்தம் சுமார் 11 லட்சம். மேல்நிலைத் திட்டத்துக்கு உறுப்பினராகும்போது கொடுத்த 5,50,000 ரூபாயைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. விலைவாசியோடு விடுதி வாடகையும் உயரும் என்பது உண்மையே, அதனால் இந்த உயர்வு முழுவதையும் நட்டம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் விடுதி வாடகை பிடிக்காவிட்டால் அந்த ஆண்டு போகாமல் இருக்கலாம், அல்லது ஒகேனக்கலிலும் ஏற்காட்டிலும் உள்ள தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதி போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். உறுப்பினருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வரியிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது: ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள விடுதி அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி 5 சதவீதம்தான், உறுப்பினர் கட்டணத்துக்கு நாம் மேலே கணக்கிட்டது 18 சதவீதம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. சிறிது நேரம் என்றது மூன்று மணி நேரமாக நீண்டது. அடிப்படைத் திட்டம் போதும் என்று நாங்கள் சொன்னபோது மேலாளர் ஒருவர் வந்து அமர்ந்து, இன்று மாலைக்குள் முடிவு செய்தால் மேல்நிலைச் சலுகைகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். அந்தச் சலுகைப் பட்டியலை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்றபோது, தாளைத் தர முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அன்று நாங்கள் கையெழுத்திடாமல் திரும்பியதற்கு அந்த மறுப்புதான் காரணம். 25 ஆண்டு ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை ஓர் இரவு வீட்டில் வைத்துப் படிக்க விடாதவர்கள், பின்னாளில் அந்தப் பக்கத்தை எப்படி மதிப்பார்கள் என்ற கவலை எனக்கு இன்றும் நீங்கவில்லை. எல்லா நிறுவனங்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக உறுப்பினராக இருந்து மனநிறைவோடு போய்வரும் குடும்பங்களும் எனக்குத் தெரிந்தவர்களிடையே உண்டு. அவர்கள் எல்லோரும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போகிறவர்கள்.

கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் என்ன செய்வது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, டைம்ஷேர் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனியான மத்தியச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமுமே துணை. ஆகவே விலகும் காலம் என்பது இங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான். அது எத்தனை நாள், கையெழுத்திட்ட நாளிலிருந்தா பணம் கட்டிய நாளிலிருந்தா, கடிதமாகத் தரவேண்டுமா மின்னஞ்சல் போதுமா, நிர்வாகச் செலவு என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பவற்றைக் கையெழுத்துக்கு முன்பே பென்சிலால் கோடிட்டு வைப்பது நல்லது.

வாய்மொழியாகச் சொன்ன சலுகை ஒப்பந்தத்தில் இல்லை என்று பின்னர் தெரியவந்தால், அது நியாயமற்ற வணிக நடைமுறையா, சேவைக் குறைபாடா என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். நிறுவனத்தின் தலைமையகம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும், 2019 சட்டத்தின்படி புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதனால் தருமபுரிக்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்; 5 லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணமும் கிடையாது. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். எந்த வழியில் போனாலும் சான்று கேட்பார்கள். விற்பனையாளர் சொன்ன ஒவ்வொரு சலுகையையும் அன்றே அவருக்கு மின்னஞ்சலாக எழுதி, ‘நீங்கள் கூறியதை இவ்வாறு புரிந்துகொண்டோம், சரிதானா’ என்று கேட்டுவைத்தால், அவர் அனுப்பும் பதில் மட்டுமல்ல, பதில் வராமல் இருப்பதும் முடிவெடுக்க உதவும்.

ஏற்கனவே உறுப்பினராக இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவில் வருகிறது. ரிசார்ட்டில் தங்கியிருக்கும்போது, காலை உணவுக்குப் பிறகு ஒரு சந்திப்புக்கு அழைத்து, இப்போதுள்ள திட்டத்தை மேல்நிலைக்கு உயர்த்திக்கொள்ளச் சொல்கிறார்கள். விடுமுறை மனநிலையில், பிள்ளைகள் நீச்சல் குளத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவு அது. இங்கே புதிதாக வாங்குபவருக்கு இல்லாத ஒரு வசதி பழைய உறுப்பினருக்கு இருக்கிறது: அவரிடம் தம்முடைய சொந்தப் பதிவேடு உண்டு. இதுவரை எத்தனை இரவுகள் பயன்படுத்தினோம், எத்தனை காலாவதியாயின, கேட்ட தேதியில் எத்தனை முறை அறை மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டதற்குக் காரணம் சீசனா, அறை வகையா, தாமதமாகக் கேட்டதா என்பவை அதில் இருக்கும். சீசன் காரணமாகவே பலமுறை மறுக்கப்பட்டிருந்தால், சீசனை மட்டும் உயர்த்த என்ன விலை என்று கேட்கலாம். மீதமுள்ள ஆண்டுகள் 25 அல்ல, 14 என்றால், மேலே காட்டிய வைப்பு நிதிக் கணக்கை 14 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே தொகைக்கு ஆண்டுச் செலவு 15,200 அல்ல, 20,000 ரூபாயைத் தாண்டிவிடும். உயர்த்தினால் ஒப்பந்தக் காலம் மீண்டும் 25 ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுமா, பராமரிப்புக் கட்டணமும் அத்தனை ஆண்டுகளுக்கு நீளுமா என்பதையும் அந்த மேசையிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டில் அமர்ந்து கணக்கைப் போடலாம்.